எழுவர் கூடிய சபை

பிரெடெரிக் ஓசானாம் 1813-ல் மிலான் நகரில் பிறந்து, பாரீஸில் சட்டம் பயின்றவர். திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று அவிசுவாசிகள் கேட்டது அவர் நெஞ்சில் தைத்தது. தர்க்கத்தால் இதற்கு விடையில்லை என்று கண்டார்.

1833 ஏப்ரல் 23-ந் தேதி, மாணவர் அறுவரும் பெரியவர் ஒருவரும் கூடிச் செபித்தனர். ரோசலி என்ற கன்னியாஸ்திரீ காட்டிய எளியோர் வீடுகளுக்கு ரொட்டிச் சீட்டுகளோடு சென்றனர். ஒருவர் விசுவாசத்தை ஒருவர் காப்பதே கூடியதன் நோக்கம். ஏழையைச் சந்திப்பதே அதற்கு வழி.

அதுவே உலகெங்கும் பரவிய அர்ச். வின்சென்ட் தே பவுல் சபை. ஓசானாம் 1853-ல் 40 வயதில் மரித்தார். 1997-ல் பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

கூடிச் செபிக்கும் நாம், செபம் முடிந்தபின் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்?