யார் இந்த மாட் மென்டன்? 1913-ல் போட்ட கணக்கும், 69 வயதில் கிடைத்த பதவியும்

உயிர்வேதியியல், பார்மசி படிக்கும் யாரும் ‘மைக்கேலிஸ் - மென்டன் சமன்பாடு’ இல்லாமல் தேர்வைத் தாண்ட முடியாது. ஆனால் அதில் வரும் மென்டன் ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது.

மாட் மென்டன் 1879-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 1911-ல் எம்.டி. பட்டம் வாங்கினார்.  மறு வருஷமே பெர்லினுக்குக் கிளம்பிட்டார். அங்கே ஒரு மருத்துவமனையில் சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருந்தார் லியோனர் மைக்கேலிஸ்.

அப்படி என்ன கணக்கு?

ஈஸ்ட்டில் இருக்கும் இன்வெர்டேஸ் என்சைம், சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கும். எவ்வளவு வேகத்தில்? ரேஷன் கடையை நினைச்சுக்கோங்க. கூட்டம் கூடக்கூட விநியோகமும் வேகமாகும். எல்லா கவுன்டரும் நிரம்பிய பிறகு, வரிசை எவ்வளவு நீண்டாலும் வேகம் கூடாது. என்சைமும் அப்படித்தான்.

சிக்கல் என்னன்னா, ‘கவுன்டர்’ எத்தனை என்றே யாருக்கும் தெரியாது. என்சைம் ஒரு புரதம் என்பதே அப்போது நிரூபணமாகவில்லை. பிரான்ஸின் விக்டர் ஆன்ரி 1903-லேயே இதே மாதிரி ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். ஆனால் அவர் கரைசலின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் அளவுகளை நம்ப முடியவில்லை.

மென்டனும் மைக்கேலிஸும் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். அமிலத்தன்மை மாறாமல் இருக்க அசிட்டேட் கலந்தார்கள். புதிதாக உருவாகும் குளுக்கோஸ் கொஞ்ச நேரம் ஒளியைத் தப்பான கோணத்தில் திருப்பும் என்பதால், காரம் சேர்த்து வினையை நிறுத்தி, அந்தக் குழப்பம் அடங்கிய பிறகே அளந்தார்கள். உருவான சர்க்கரைகளே என்சைமை மந்தமாக்கும் என்பதால் தொடக்க வேகத்தை மட்டும் எடுத்தார்கள். அந்த மந்தத்தையும் தனியாக அளந்தார்கள். என்சைம் எவ்வளவு என்று தெரியாமலேயே, பாதி வேகம் கிடைக்கும் சர்க்கரை அளவு 0.0167 மோலார் என்று கண்டார்கள். கட்டுரை 1913-ல் ஜெர்மன் மொழியில் வெளியானது.

பிறகு?

மென்டன் 1916-ல் சிகாகோவில் பி.எச்.டி. முடித்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் நோயியல் கற்பித்தார். ஓவியம் வரைவார், கிளாரினெட் வாசிப்பார். 1944-ல் திசுவில் ஒரு என்சைம் எங்கே இருக்கிறது என்பதைச் சாயம் மூலம் காட்டும் முறையையும் உருவாக்கினார். முழுப் பேராசிரியர் பதவி? அது 1948-ல், 69 வயதில்தான் வந்தது. இத்தனைக்கும் அவர் பெயர் அதற்கு எவ்வளவோ முன்பே பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

1960-ல் ஒன்டாரியோவிலேயே காலமானார். 2011-ல் இரண்டு விஞ்ஞானிகள் அந்தப் பழைய அளவீடுகளை கணினியில் போட்டுப் பார்த்தார்கள். கையால் போட்ட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே சரியாக வந்தது.