சாமுவேல் போர்ன்

திருப்பூரைப் போன்றே பின்னலாடைக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்து நகரம் நாட்டிங்காம். அங்கு வங்கி எழுத்தராய் இருந்த சாமுவேல் போர்ன், ஒளிப்படக் கலைமேற்கொண்ட காதலால் அவ்வேலையைத் துறந்து 1863-இல் இந்தியா வந்தார். கண்ணாடித் தகடுகளையும் மருந்துகளையும் கூடாரத்தையும் ஏறத்தாழ 30 பேர் சுமந்துவர, இமயமலை ஏறினார்.

அந்நாளில் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிடல் வேண்டும். அருவியைப் படமாக்குதல் அதனினும் அரிது. தகடு ஒளியேற்கச் சில நொடிகளேனும் ஆகும். அதற்குள் விழும் நீர் வெறும் வெண்திரையாகிவிடும். வானமும் வெளுத்தே பதியும். ஆகவே அவ்வெண்மை எடுத்துத் தோன்றக் கரும்பாறையும் மரநிழலும் சூழ்ந்த கோணத்தையே தேர்தல் வேண்டும். ஒளியை மிகுத்தால் நீரின் வடிவு கெடும். குறைத்தாலோ பாறை இருண்டுவிடும். தக்க இடம் தேடி மலைச்சரிவுகளில் அலையப் போர்ன் சலித்தாரல்லர்.

1866-இல் 18,000 அடிக்கும் மேற்பட்ட மணிராங் கணவாயிலும் படமெடுத்தார். பின்னர் நாட்டிங்காம் திரும்பிப் பருத்திநூல் முறுக்கும் தொழிலைத் தொடங்கினார்; 1912-இல் மறைந்தார்.