ஈரக் கழிவைக் கரியாக்கிக் காட்டிய பெர்கியஸ்

தார் வெட்டிய வாழை மரத்தை எரித்துப் பார்த்திருக்கிறீர்களா? எரியாது, புகைதான் வரும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அடுப்பு மூட்டிக் காய வைத்தால், கிடைக்கும் விறகைவிடச் செலவாகும் விறகு அதிகம். அப்படிப்பட்ட ஈரச் சருகையும் தண்டையும் காய வைக்காமலே கரியாக்கலாம் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் ஜெர்மனி வேதியியலாளர் ஃபிரீட்ரிக் பெர்கியஸ்.

1884-ல் பிரெஸ்லாவ் நகருக்கு அருகே பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை ரசாயன ஆலை நடத்தியதால் சிறு வயதிலேயே ஆலையும் கொதிகலனும் பழகிவிட்டன. படிப்பு முடிந்ததும் ஹனோவர் நகரில் உயர் அழுத்த ஆய்வில் இறங்கினார். மண்ணுக்குள் புதைந்த மரம் எப்படி நிலக்கரி ஆனது என்பதே அவர் முன் இருந்த கேள்வி.

தாவரப் பொருளைத் தண்ணீரோடு இரும்புக் கலனில் அடைத்து, 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினார். பூமி பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்ட வேலை சில மணி நேரங்களில் நடந்தது. கலனுக்குள் நிலக்கரி போன்ற பொருள் கிடைத்தது. 1913-ல் இதை நூலாக வெளியிட்டார். இதையே இன்று நீர்வெப்பக் கரியாக்கம் என்கிறோம்.

உங்கள் வீட்டு குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வெப்பம் சுமார் 120 டிகிரி; அழுத்தம் வெளிக்காற்றைப் போல இரு மடங்கு. கரியாக்கத்துக்கு 180 முதல் 250 டிகிரி வேண்டும். 200 டிகிரியிலேயே அழுத்தம் 15 மடங்கைத் தாண்டும். அந்த அழுத்தத்தால் தண்ணீர் ஆவியாகாமல் நீராகவே நிற்கிறது. தாவரத்தில் உள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் தண்ணீராகப் பிரிய, கரிமம் மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி விரட்டத் தேவைப்படும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதை 200 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். லாபம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பெர்கியஸ் அதோடு நிற்கவில்லை. நிலக்கரியை ஹைட்ரஜனுடன் சேர்த்து எண்ணெயாக்கும் முறைக்குப் போனார். 1931-ல் கார்ல் போஷுடன் நோபல் பரிசு பெற்றார். அந்த எண்ணெய் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் விமானங்களை ஓட்டியது. மரத்தூளிலிருந்து சர்க்கரையும் மாட்டுத் தீவனமும் எடுக்கும் முயற்சியில் கைப்பணத்தையும் கரைத்தார். போருக்குப் பின் பிழைப்புத் தேடி நாடு நாடாக அலைந்து, 1949-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் இறந்தார்.

அவர் பாதியில் விட்டுப்போன ஈரக் கழிவுக் கரியைப் பல ஆண்டுகள் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2006 வாக்கில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகர் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மார்க்குஸ் அன்டோனியெட்டி அதை மீண்டும் கையில் எடுத்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இரும்பு டிரம்மிலோ பழைய சிலிண்டரிலோ இதைச் செய்து பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் கலன் வெடித்தால் உயிர் மிஞ்சாது. இது சோதித்துச் சான்று பெற்ற கொதிகலனில், பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. இரண்டு, வடியும் பழுப்பு நீரை அப்படியே வயலில் விடாதீர்கள். அதைச் சுத்திகரித்தாக வேண்டும். புதுக் கரியும் விதை முளைப்பதைத் தடுக்கக்கூடும். ஆகவே அதை எரிபொருளாக மட்டும் பாருங்கள். மூன்று, வைக்கோல் போலத் தானே காயும் பொருளுக்கு இந்தச் செலவு வீண். அதற்கு வெயில் போதும். தினமும் டன் கணக்கில் ஈரக் கழிவு சேரும் இடத்துக்குத்தான் இது பொருந்தும்.

யாராவது இந்த இயந்திரத்தை விற்க உங்கள் கிராமத்துக்கு வந்தால், விலையைக் கேட்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: கலனுக்குச் சான்று இருக்கிறதா? கழிவு நீர் எங்கே போகும்? பதில் சரியாக வந்த பிறகு விலை பேசலாம்.