சேற்றங்கரையில் ஒரு கல்வி

ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் பெருகிய ஏரிகள் தை பிறந்தபின் மெல்ல வற்றத் தொடங்கும். அப்போது சேலத்து மூக்கனேரியிலும் பனமரத்துப்பட்டி ஏரியிலும் நாமக்கல்லை அடுத்த தூசூர் ஏரியிலும் கரையோரச் சேற்றில் சிறு பறவைகள் இரை தேடுவதைக் காணலாம். அவற்றை உள்ளான் என்னும் ஒரே பெயரால் சுட்டிவிட்டு நாம் கடந்து செல்கிறோம். அவற்றுள் சில, வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவை. பறவைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் கலையை இந்தியர்க்கு எளிதாக்கியவர், பறவையியல் அறிஞர் சலீம் அலி.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்தார். அதன் பெயர் அறியும் ஆவலோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். கழகச் செயலர் மில்லார்டு, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டி அவருடைய ஐயத்தைத் தீர்த்தார். அந்த ஒரு வினாவே அவருடைய வாழ்வின் திசையை வகுத்தது.

ஆயினும், பாதை எளிதாக அமையவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலில் ஈடுபட்டுத் தாயகம் திரும்பிய அவர், விலங்கியல் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசின் பறவையியல் பணி அவருக்குக் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டும் விரிவுரையாளரானார். பின்னர்ப் பெர்லின் சென்று, பேராசிரியர் ஸ்டிரெசெமானிடம் பயின்றார். ஹெலிகோலாந்துத் தீவில் பறவைக்கு வளையமிடும் முறையையும் கற்றறிந்தார். 1930இல் திரும்பியபோது, நிதியின்மையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த அவர் மனம் தளரவில்லை. கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை நாள்தோறும் உற்றுநோக்கி ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு மேற்கொண்டார். பயணங்களில் துணைநின்ற மனைவி தெகுமினா 1939இல் மறைந்தது பேரிழப்பாயிற்று. அத்துயரிலும் பணியைத் தொடர்ந்து, 1941இல் 'இந்தியப் பறவைகள்' நூலை வெளியிட்டார்.

அக்காலத்தில் பறவையைச் சுட்டுக் கையில் வைத்து ஆராய்வதே வழக்கம். ஆய்வுக்காகச் சலீம் அலியும் அவ்வாறு செய்ததுண்டு. எனினும், உயிருள்ள பறவையை அதன் வாழிடத்தில் அறிவதையே அவர் மேலாகக் கருதினார். அவருடைய நூல், புதிய பறவையின் அளவைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் முதலிய அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டுக் காட்டிற்று. வண்ணப்படங்களும் துணைசெய்ய, எளியோரும் பறவையின் பெயரை அறியலாயினர்.

உள்ளான்களை அறிவதற்கும் இதுவே வழி. குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாகவே தோன்றும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சிட்டுக்குருவியளவே உள்ளது கொசு உள்ளான். கரையோரம் தனியே நடந்து, பின்னுடலை ஓயாமல் மேலும் கீழும் அசைப்பது சாதாரண உள்ளான். மஞ்சள் கண்வளையத்தோடு சிறிது ஓடி நின்று, மீண்டும் ஓடுவது பட்டாணி உப்புக்கொத்தி. நீண்ட செந்நிறக் கால்களால் அடையாளம் காட்டுவது நெடுங்கால் உள்ளான். அலகு, கால், நடை, குரல், பறக்கையில் தெரியும் வெண்மை ஆகியவற்றை ஒருசேர நோக்குதல் வேண்டும்.

சலீம் அலி டில்லான் ரிப்ளியுடன் இணைந்து, பத்துத் தொகுதிகளாக அமைந்த இந்தியத் துணைக்கண்டப் பறவைக் கையேட்டை உருவாக்கினார். அவர் வழிகாட்டலில் கழகத்தினர் கோடிக்கரையிலும் பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராய்ந்தனர். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல் மையம் கோயம்புத்தூரில் இயங்குகிறது.

பட்டமும் பதவியும் மறுக்கப்பட்ட நிலையிலும் கூர்ந்த நோக்கால் உயர்ந்தவர் அவர். ஏரிக்கரையில் ஆக்கிரமிப்பும் கழிவும் பெருகினால், சேற்றில் வாழும் புழுவும் பூச்சியும் அழியும். அவற்றை நாடிவரும் விருந்தினரும் வாராதொழிவர். பெயர் அறியாத பறவையின் இழப்பை நாம் உணர்வதும் இல்லை. எனவே, நம் ஊர் ஏரிக்கு வருவோரின் பெயரைக் கற்பதே, அவற்றைக் காப்பதற்கான முதற்படியாகும்.