தூக்கணாங்குருவியின் தோழர் சலீம் அலி

நம் கெடா மாநிலத்து நெல்வயல்களை ஒட்டிய மரங்களில் சுரைக்குடுவை போலத் தொங்கும் கூடுகளைக் காணாதார் நம்முள் சிலரே இருப்பர். தமிழில் தூக்கணாங்குருவி என்றும் மலாயில் தெம்புவா என்றும் வழங்கும் சிறு பறவையின் வேலை அது. தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டினால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று மலாய்ப் பழமொழி கூறும். அப்பறவை இரவில் மின்மினியைப் பிடித்து வந்து ஈரமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் கதை சொல்வர். கூட்டின் உட்புறத்தில் அது மண் அப்புவது மெய்; விளக்கு மட்டும் கதையே. அக்கூட்டின் குடும்ப வாழ்க்கையை நேரில் கண்டு செவ்வனே விளக்கியவர், வேலை இழந்து கிராமத்து வீடொன்றில் தங்கியிருந்த ஓர் இந்தியர். அவரே சலீம் அலி.

இவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியின் இல்லத்தில் உடன்பிறந்தாரோடு வளர்ந்தார். அக்காலத்துச் சிறுவர் பலரைப் போலவே இவரும் விளையாட்டுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுட்டு வந்தார். ஒரு நாள் வீழ்ந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டொன்று இருந்தது. அஃது எவ்வகைக் குருவி, உண்ணத்தக்கதா என்று மாமனைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஆதலால் ஒரு கடிதம் கொடுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கே செயலாளராயிருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயர் அச்சிறுவனை விரட்டவில்லை. பதப்படுத்தி வைத்த பறவைகளை அறை அறையாகத் திறந்து காட்டினார். அன்று தொட்டு அவருடைய மனம் பறவைகள்பால் சென்றது.

கல்வியில் அவர் சிறந்து விளங்கினார் என்று கூறுவதற்கில்லை. கல்லூரிக் கணிதம் அவருக்குக் கசந்தது. 1914இல் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவாய்க்குச் சென்றார். அங்கும் தொழிலைவிடக் காட்டுப் பறவைகளே அவர் கண்ணில் பட்டன. திரும்பி வந்து 1918இல் தெகுமினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் பறவை ஆய்வாளர் பணியொன்று அவருக்குக் கிட்டாமற் போயிற்று. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர்ப் பெர்லின் சென்று எர்வின் ஸ்டிரெசுமான் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930இல் நாடு திரும்பினார். பயிற்சி பெற்று வந்தவருக்குக் காத்திருந்தது என்ன? பணமில்லை என்று கூறி அவருடைய பதவியையே நீக்கியிருந்தனர்.

முப்பது வயது கடந்தவர், மனைவியுண்டு, வருவாய் இல்லை. இருவரும் பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கிகிம் என்னும் கடலோரக் கிராமத்து வீட்டிற்குச் சென்றனர். அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை. 1930ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் நாள்தோறும் அமர்ந்து பார்த்தார், பார்த்ததை எழுதினார்.

பாதியிற் கைவிட்ட கூடுகள் எதற்காக என்பது அதுவரை புதிராகவே இருந்தது. ஆண்குருவி விளையாட்டாகவோ இளைப்பாறவோ கட்டுகிறது என்று பலர் எண்ணியிருந்தனர். சலீம் அலி கண்டது வேறு. ஆண்குருவி தலைக்கவசம் போன்ற அரைக்கூட்டைக் கட்டி நிறுத்துகிறது. பெண்குருவிகள் வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்துச் சோதிக்கின்றன. ஒன்று இசைந்தால், ஆண்குருவி முட்டையறையையும் நீண்ட வாயிற்குழலையும் முடித்துக் கொடுக்கிறது. பின்னர் அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்குருவியை அழைக்கிறது. எவையும் இசையாத கூடே பாதியில் நிற்பது. வீடு பார்த்த பின்னரே சம்மதம் சொல்லும் வழக்கம் மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்! இவ்வாய்வு 1931இல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. வேலையற்றிருந்தவர் பெயரை அயல்நாட்டு அறிஞரும் அறிந்தனர்.

அதன்பின் ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். செலவை மட்டும் ஏற்றால் போதும், ஊதியம் வேண்டா என்பது அவருடைய ஏற்பாடு. கூடாரங்களில் உடன் வாழ்ந்து துணைநின்ற தெகுமினா அம்மையார் 1939இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மறைந்தார். அவருக்கு அது பேரிடி. மறுமணம் செய்யவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்டார். ரிப்ளி என்னும் அமெரிக்கருடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. தமிழகத்துக் கோடிக்கரையில் கடல் கடந்து வரும் பறவைகளை ஆராய்ந்து, அவ்விடத்தின் சிறப்பை எடுத்துரைத்தவரும் இவரே. 1967இல் அது சரணாலயமாயிற்று. பட்டமில்லாதவருக்குப் பல்கலைக்கழகங்கள் பின்னாளில் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் பெயரால் 1990இல் கோயம்புத்தூரில் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

நம் வீட்டு முற்றத்திற்குப் பறவைகளை அழைக்க விரும்பும் மாணவர், அவர் வழியிலேயே முதலில் அலகைப் பார்த்தல் நன்று. தூக்கணாங்குருவிக்கும், பிப்பிட் என நாம் அழைக்கும் சில்லைக்கும் அலகு சிறிது, கூம்பு வடிவானது. தினை, சாமை, நெல், அரிசிக் குருணை ஆகியவை அவற்றுக்கு ஏற்றவை. புள்ளிப்புறாவும் மெர்போக் புறாவும் தரையில் மேய்வன. தினையும் நெல்லும் கலந்து மண்ணில் தூவினால் வரும். கடைகளில் விற்கும் கலவைகளில் பெரிய சூரியகாந்தி விதை மிகுந்திருந்தால் அது பெரும்பாலும் வீணே. கிளிக்கு உதவும், சில்லைக்கு உதவாது. கொண்டைக்குருவிக்குத் தானியம் வேண்டா. கனிந்த பப்பாளித் துண்டு போதும். நெல் தின்னும் தூக்கணாங்குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டுகிறது. ஆகையால் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டுத் தினை தூவுதல் பொருந்தாது.

நம் ஊர் மழையில் நனைந்த தானியம் விரைவில் பூஞ்சணம் பிடித்துப் பறவைக்கு நோய் தரும். எனவே காலையில் ஒரு கைப்பிடி மட்டும் இடுக. மாலையில் எஞ்சியதைக் கூட்டி எடுக்க. பூனை பதுங்கும் புதருக்குச் சற்றுத் தொலைவில் வைக்க. அகன்ற தட்டில் நீரும் வைத்து நாள்தோறும் மாற்றுக. பணம் செலவிட இயலாதார் லயத்தின் பின்புறம் ஒரு மூலைப் புல்லை வெட்டாது விதை முற்ற விட்டாலே சில்லைகள் கூட்டமாய் வந்திறங்கும். முதற் சில நாள்கள் மைனாவும் சிட்டுக்குருவியுமே வரக்கூடும். எந்தப் பறவை எதைத் தின்றது, எதை விட்டது என்று ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வருக.