மேஜர் ரோஜர்ஸும் பதுளை ஆலயமும்

பண்டாரவளையை அடுத்த அப்புத்தளை மலையில் 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இடி தாக்கி மாண்டவர் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் அமர்ந்து, ஊவாவுக்குச் சாலைகள் சமைத்தவர். அவர் கொன்ற யானைகளோ 1,400க்கு மேல் என்பர். அந்நாளில் அது குற்றமன்று. யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கமே சன்மானம் அளித்த காலம். ஆயினும் பயிரைக் காக்க அத்தனை உயிர் வேண்டியதில்லை. வேட்டை வெறியே அது.

புயல் ஓய்ந்ததென்று எண்ணித் தாழ்வாரத்தில் கால்வைத்தபோது விழுந்ததாம் அவ்விடி. ஊரார் அதை வினைப்பயன் என்றனர். நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறையையும் பின்னர் இடி பிளந்தது என்னும் கதை அதற்குத் துணையாயிற்று.

கிறிஸ்து மார்க்கம் இக்கணக்கை ஏற்பதில்லை. சீலோவாம் கோபுரம் சரிந்து மாண்ட 18 பேரும் மற்றையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என்பது இயேசு பெருமானின் போதனை. மனந்திரும்புதலே எல்லார்க்கும் விதித்த கடன், அப்பால் மன்னிப்பு. இறுதிப் பொழுதில் அதற்கான அவகாசத்தை ரோஜர்ஸுக்கு மின்னல் கொடுக்கவில்லை. கொன்ற யானைகளிடம் மன்னிப்புக் கேட்பதோ எவர்க்கும் இயலாதது.

பல இனத்து நண்பர்களும் அவர் நினைவாகப் பதுளையில் எழுப்பிய புனித மாற்கு ஆலயம் 1857இல் அர்ப்பணம் செய்யப்பெற்றது. அவர் பெயரையும், பதவியையும், இடியால் நேர்ந்த மரணத்தையும் கூறும் கல் அங்கே உள்ளது. அதே கூரையின் கீழ்தான் சபையார் பாவ அறிக்கை சொல்லி மன்னிப்பு வேண்டுகின்றனர்.