கண்ணீர் கண்ட அறிஞர்

அளவையியலும் அரசியலும் பயின்ற நம் பழைய மாணவர் பலருக்கு ஜோன் ஸ்ருவட் மில் என்னும் பெயர் புதிதன்று. அவருடைய நூற்பெயர்களைத் தேர்வுக்கென மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தோரும் நம்முள் உளர். ஆயின் அந்நூல்களை எழுதிய அறிஞர் தமது இருபதாம் வயதில் ஒரு குளிர்காலம் முழுவதும் வாழ்விற் சுவையற்று, நடைப்பிணம்போல் இயங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாளில் இதனை முதன்முறை வாசித்தேன். அன்று தொட்டு வகுப்பறையுள் நுழையுந்தோறும் அவர் என் நினைவுக்கு வருகின்றார்.

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில், ஸ்கொத்லாந்திலே செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, கல்வி ஒன்றினாலே உயர்ந்தவர். இந்தியாவை ஒருமுறையேனும் மிதியாமலே அந்நாட்டின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர். அவர் அந்நூலை எழுதிய மேசையே மூத்த மகனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. மூன்று வயதிற் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பன்னிரண்டில் அளவை நூல், பதின்மூன்றிற் பொருளியல் என ஏறியது அப்பயிற்சி. அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் இலத்தீன் மொழியிலேயே பொருள் கூறின. இலத்தீன் அறியாத சிறுவனோ ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையாரையே கேட்டான். பொறுமை குறைந்தவர் எனப் பெயர் பெற்ற அவரும் தம் எழுதுகோலை நிறுத்தி நிறுத்தி விடை பகர்ந்தார். மைந்தனின் கூர்மையினும் இப்பொறுமையே எனக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

காலையிற் சிற்றுண்டிக்கு முன்னர் இருவரும் உலாவச் செல்வர். முதல்நாள் வாசித்தவற்றைச் சிறு தாள்களிற் குறித்து வைத்திருந்த சிறுவன் அவற்றைப் பார்த்து ஒப்புவிப்பான். வீடு திரும்பியபின் தம்பி தங்கையர்க்கு இலத்தீன் கற்பிக்கும் பொறுப்பும் அவனதே. விடுமுறை இல்லை, ஒத்த வயதுத் தோழரும் இல்லை. உணர்ச்சிப் பெருக்கு என்பது தந்தையார் கருத்திற் பித்தின் ஒரு வகையே. பிள்ளைகளை அவர் நேசிக்கவில்லை எனல் தவறு. நேசத்தைக் காட்ட நாணினார், காட்டாத நேசம் உள்ளேயே உலர்ந்தது.

குடும்ப நண்பரான ஜெரமி பெந்தம், பெருந்தொகையினரின் பேரின்பமே அறத்தின் அளவுகோல் என்ற கொள்கையினர். மில் பதினைந்தாம் வயதில் அக்கொள்கையைப் படித்தபோது வாழ்வுக்கே ஒரு குறிக்கோள் கிடைத்ததென மகிழ்ந்தார். உலகைத் திருத்துவதே அக்குறிக்கோள். 1823இல் கிழக்கிந்தியக் கொம்பனியின் இலண்டன் அலுவலகத்திலே தந்தையாரின் கீழ்ப் பணியில் அமர்ந்தார். பெந்தமின் சிதறிய கையெழுத்துப் படிகளை ஒழுங்குசெய்து ஐந்து தொகுதிகளாக்கும் பெரும்பணியையும் அவ்விளைஞரே சுமந்தார்.

1826ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே ஒருநாள் அவர் தம்மைத் தாமே ஒரு வினா வினாவினார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிடின், அது தமக்குப் பேருவகை தருமா? உள்ளம் ஒளியாமல் விடை சொன்னது: தராது. வாழ்வைத் தாங்கிய தூண் அன்றே சரிந்தது. அலுவலகத்துக்குச் சென்றார், எழுதினார், சொற்போர் மன்றங்களிலும் பேசினார். எல்லாம் பழக்கத்தால் நிகழ்ந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. தந்தையாரிடம் கூறுவதோ எண்ணவும் இயலாதது. அவர் அரும்பாடுபட்டு வகுத்த கல்வி பிழைத்ததென அவருக்கே அறிவித்தல் ஆகுமன்றோ?

கல்வி எங்கே பிழைத்தது என்பதையும் அவ்விளைஞர் தம் பகுத்தறிவு கொண்டே ஆராய்ந்தார். நல்லனவற்றோடு இன்பத்தையும் தீயனவற்றோடு துன்பத்தையும் பாராட்டாலும் தண்டனையாலும் பிணைத்தல் வேண்டுமென அவருக்குக் கற்பித்திருந்தனர். ஆயின் எதனையும் கூறுகூறாய்ப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவ்வாறு செயற்கையாய்ப் பிணைத்த கட்டுகளையே அறுத்துவிடும். கயிற்றைத் திரித்துக் கொடுத்தவரே அதனை அறுக்கும் கத்தியையும் கொடுத்திருந்தார். இசை ஒன்று சிறிது ஆறுதல் அளித்தது. அதிலும் ஓர் அச்சம்: சுரங்கள் சிலவே, அவற்றைச் சேர்த்து ஆக்கக்கூடிய இன்னிசைகள் ஒருநாள் தீர்ந்துபோகுமே! துயரத்தின் நடுவிலும் கணக்கை விடாத இம்மனத்தைக் கண்டு நகைப்பதா இரங்குவதா?

சில திங்கள் கழிந்தபின் பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்தெல் என்பாரின் வாழ்க்கை நினைவுகளைத் தற்செயலாக வாசித்தார். தந்தை இறக்க, சிறுவனாயிருந்த மகன் இனிக் குடும்பத்துக்குத் தானே எல்லாமாவேன் எனத் துணியும் இடம் அது. மில்லின் கண்கள் கலங்கின. தாம் கல்லல்லர் என்பதை அக்கண்ணீராலேயே அவர் அறிந்தார். தந்தையின் மறைவைப் படித்தே மகன் அழுதமை பற்றிப் பிற்கால உளவியலார் பலவாறு கூறுவர். அவ்வாராய்ச்சியுள் யான் புகேன். 1828இல் கவிஞர் வேட்ஸ்வர்த்தின் பாடல்கள் கைக்கு எட்டின. மலையையும் நீரையும் எளிய மாந்தரையும் பாடிய அக்கவிதைகள் அவருக்கு மருந்தாயின. முன்னர்ப் படித்த பைரன் உதவவில்லை; நோயாளிக்கு அதே நோயாளி மருத்துவனாதல் எங்ஙனம்?

உணர்ச்சியைக் கண்டவுடன் அறிவைத் துறந்தாரல்லர் மில். இன்பத்தை நேரே நாடினால் அது கிட்டாது, பிறிதொரு நோக்கிற் கருத்தூன்றி நடப்பவனுக்கு வழியிலே கிட்டும் என்பது அவர் கண்ட முடிபு. பெந்தமின் குறைகளை 1838இலும், அவருக்கு எதிர்முகாமினரான கோல்ரிஜ்ஜின் நிறைகளை 1840இலும் நடுநிலையோடு எழுதினார். 1843இல் அளவை நூலை வெளியிட்டார். தந்தையார் இந்தியரின் காவியங்களையும் சாத்திரங்களையும் இழிவாக மதிப்பிட்டவர். மகனோ ஆங்கிலக் கல்விக்கே முதலிடம் தந்த 1835ஆம் ஆண்டுக் கொள்கையை மறுத்து, வடமொழி, அரபு முதலிய பழங்கல்விக்குச் சார்பாக 1836இல் நீண்ட மடல் ஒன்று வரைந்தார். மேலிடம் அதனை ஏற்கவில்லை. தந்தையார் காலமானதும் அவ்வாண்டிலேயே.

அவ்விரு ஆற்றல்களும் அவருள் முற்றாக இணங்கினவா? இணங்கின எனச் சாதித்தல் உண்மையாகாது. 1830இற் சந்தித்த ஹரியற் டெய்லர் அம்மையாரை, அவர்தம் கணவர் இறந்தபின், 1851இலே மணந்தார். அம்மையாரின் அறிவைப் புகழும்போது அளவை நூலாசிரியர் அளவை மறந்துவிடுகின்றார் எனப் பலர் குறை கூறினர். அத்திருமணத்தை ஒட்டி எழுந்த சிறு மனத்தாங்கலைப் பெரிதாக்கி, ஈன்ற தாயிடமும் உடன்பிறந்தாரிடமும் கடுமை காட்டினார். அவர் இறந்தபின் 1873இல் வெளிவந்த தன்வரலாற்றிலே தந்தையார் பக்கந்தோறும் நிற்க, தாயாரைப் பற்றி ஏறக்குறைய ஒரு சொல்லும் இல்லை. அவரைப் போற்றும் என் போன்றோருக்கு இது வருத்தமே.

1867இல் சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்திலே மாணவர் தெரிந்தெடுத்த தலைவராய் நின்று நெடிய உரையாற்றினார். அறிவுப் பயிற்சி, ஒழுக்கப் பயிற்சி என்னும் இரண்டோடு நில்லாது, கவிதையாலும் கலையாலும் உள்ளத்தைப் பண்படுத்துதலைக் கல்வியின் மூன்றாம் கூறாக அங்கே நிறுவினார். பாடத்திட்டத்தில் இலக்கியத்துக்கு எத்தனை பாடவேளை எனக் கணக்கிடும் கூட்டங்களில் அமரும்போது அவ்வுரையை நினைந்துகொள்வேன்.

அம்மையார் 1858இல், பயண வழியிலே, தென் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் உயிர் நீத்தார். கல்லறை தென்படும் தொலைவில் ஒரு வீட்டை வாங்கி, ஆண்டுதோறும் பல திங்கள் அங்கே தங்கி எழுதினார் மில். செடிகொடிகளைத் திரட்டி ஆராய்தல் இளமை தொட்டே அவருக்கிருந்த விருப்பு. 1873ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அவ்வாறு நெடுந்தூரம் நடந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டது. 7ஆம் நாள் மறைந்தார். அம்மையாரின் அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.